லினக்ஸ்ல சந்தா கட்டுன வீடியோ மட்டும் ஓடமாட்டேங்குது, என்ன ப்ளகின் போடணும்?

டெபியன்வாசி:
வணக்கம் நண்பர்களே, பழைய லேப்டாப்ல டெபியன்ங்கற லினக்ஸ் போட்டு ஓட்டிட்டு இருக்கேன், ப்ரவுசர் குரோமியம், அதாவது கூகிள் குரோமுக்கு அடிப்படையான ஓப்பன் சோர்ஸ் ப்ரவுசர். யூட்யூப் எல்லாம் சூப்பரா ஓடுது, ஆனா சந்தா கட்டி வச்சிருக்கற ஒரு ஸ்ட்ரீமிங் சைட்ல லாகின் ஆகுது, பட லிஸ்ட் வருது, ட்ரெய்லர் கூட ஓடுது, படத்துல ப்ளே அமுக்குனா மட்டும் கருப்பு ஸ்க்ரீன், கீழ ஏதோ தேவையான கூறு இல்லைன்னு ஒரு வரி. தேடிப் பாத்தா ஒருத்தர் ஃப்ளாஷ் போடுங்கறார், இன்னொருத்தர் மைக்ரோசாஃப்டோட சில்வர்லைட் ப்ளகினுக்கு பைப்லைட்னு ஒண்ணு இருக்கு, விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட்டற ஒயின் வழியா ஓடும்ங்கறார், எல்லாமே எந்தக் காலத்துல எழுதுனதுன்னே தெரியல. குரோம் போடாம இத சரி பண்ண வழி இருக்கா? முடிஞ்ச வரைக்கும் ஓப்பன் சோர்ஸாவே இருக்கணும்னுதான் இந்தப் பக்கம் வந்தேன், ஒரு படம் பாக்கறதுக்காக திரும்ப விண்டோஸ் போட மனசு வரல.

முனையக்கிளி:
ஃப்ளாஷ், பைப்லைட் ரெண்டையும் மறந்துருங்க ப்ரோ. ஃப்ளாஷ 2020 டிசம்பர் 31ஓட அடோபியே கைவிட்டுட்டாங்க, 2021 ஜனவரி 12க்கு அப்புறம் அந்த ப்ளேயரே உள்ளடக்கத்த ஓட்ட மறுத்துரும். சில்வர்லைட்டும் 2021 அக்டோபரோட முடிஞ்சுது. அதுக்கெல்லாம் முன்னாடியே, 2017 மார்ச்ல வந்த ஃபயர்பாக்ஸ் 52ல ஃப்ளாஷ் தவிர மத்த என்பிஏபிஐங்கற பழைய வகை ப்ளகின் எல்லாத்தையும் தூக்கிட்டாங்க, அதனால பைப்லைட்ட மெனக்கெட்டு நிறுவுனாலும் அத மாட்ட இன்னைக்கு ப்ரவுசர்ல இடமே கிடையாது.

இப்ப வீடியோவ ப்ரவுசரே ஓட்டுது, காப்பி எடுக்காம இருக்க படத்துக்குப் போடற டிஆர்எம்ங்கற பூட்டத் திறக்கற வேலை மட்டும்தான் தனி. அதுக்கான இஎம்இங்கற பொது இடைமுகத்த, வெப்புக்கான தரங்கள வகுக்கற டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பர்ல தரமா அறிவிச்சுது, ஆனா அதுக்குப் பின்னாடி நிஜமா பூட்டத் திறக்கற துண்டு மூடுன சாஃப்ட்வேர்தான். அதப் பத்திதான் உங்க சைட் கூறு இல்லைங்குது. லினக்ஸ்ல அந்தத் துண்டு கூகிளோட வைட்வைன். குரோம்ல கூடவே வரும், குரோமியம் ஓப்பன் சோர்ஸ்ங்கறதால அதுல இருக்காது. உங்களுக்கு ட்ரெய்லர் ஓடுதுன்னு சொன்னதுலயே பாதி விடை இருக்கு. ட்ரெய்லருக்கு பெரும்பாலும் பூட்டு போடமாட்டாங்க, அது ஓடுதுன்னா சுருக்கி வச்ச வீடியோவ விரிச்சுக் காட்டற கோடெக் எல்லாம் சரியா இருக்கு, குறை வைட்வைன் மட்டும்தான்.

சுலபமான வழி ஃபயர்பாக்ஸ். லினக்ஸ்ல 2016ல வந்த 49ஆவது பதிப்புல இருந்தே இதுக்கு ஆதரவு இருக்கு. செட்டிங்ஸ்ல ஜெனரல் பக்கத்துல கீழ இறங்கிப் போனா டிஆர்எம் உள்ளடக்கத்த ஓட்டலாமான்னு ஒரு டிக் பெட்டி இருக்கும், லினக்ஸ்ல அது ஆரம்பத்துல ஆஃப்லதான் இருக்கும், போட்டு விடுங்க, தானா இறங்கிக்கும். அப்புறம் ஆட்-ஆன்ஸ்ல ப்ளகின்ஸ் பக்கம் போனீங்கன்னா சிஸ்கோவோட ஓப்பன்ஹெச்264 கோடெக் பக்கத்துலயே வைட்வைனும் இருக்கும். கொஞ்ச நேரத்துல நிறுவப்படும்னே சொல்லிட்டு நகராம நின்னா, ஃபயர்பாக்ஸ் உங்க அமைப்பெல்லாம் சேமிக்கற ப்ரோஃபைல் ஃபோல்டருக்குள்ள ஜிஎம்பின்னு ஆரம்பிச்சு வைட்வைன் பேரோட ஒரு ஃபோல்டர் இருக்கும், ஃபயர்பாக்ஸ மூடிட்டு அத அழிச்சுட்டுத் திறங்க, புதுசா இறக்கிக்கும்.

அப்பவும் ஓடலைன்னா ஹோம் பார்ட்டிஷன நோஎக்ஸெக்னு, அதாவது அங்க இருக்கற எந்த புரோகிராமும் ஓடக்கூடாதுன்னு, மவுண்ட் பண்ணிருக்கீங்களான்னு பாருங்க. பாதுகாப்புக்குன்னு நிறைய பேர் அப்படி வைக்கறாங்க, நல்ல பழக்கம்தான், ஆனா வைட்வைன் இறங்கறது ஹோமுக்குள்ளங்கறதால லைப்ரரி ஃபைல் இருந்தும் லோட் ஆகாது, ஏன்னு சொல்ற மாதிரி ஒரு எர்ரரும் வராது.

கட்டளைவரி:
மேல சொன்னது எல்லாம் சரி. இதே தேடல்ல வேற டிஸ்ட்ரோ, அதாவது வேற லினக்ஸ் வகை வச்சிருக்கற ஆளுங்களும் வருவாங்கங்கறதால ரெண்டு விஷயம். ஃபெடோரால ட்ரெய்லரே ஓடலைன்னா அது வேற கதை, அங்க கூடவே வர்ற, வீடியோவ டீகோட் பண்ற எஃப்எஃப்எம்பெக்ல காப்புரிமை சிக்கல் இருக்கற கோடெக் எல்லாம் இருக்காது, ஆர்பிஎம் ஃப்யூஷன்ங்கற வெளி பேக்கேஜ் களஞ்சியத்த சேர்த்து முழு எஃப்எஃப்எம்பெக்குக்கு மாத்திக்கணும், வைட்வைன நோண்டிட்டு இருக்காதீங்க. அல்பைன் மாதிரி மஸ்ல்ங்கற அடிப்படை சி லைப்ரரி வச்சு ஓடுற டிஸ்ட்ரோல வைட்வைன் நேரடியா ஓடாது, அது மத்த பெரும்பாலான டிஸ்ட்ரோல இருக்கற ஜிலிப்சிங்கற சி லைப்ரரிக்காகக் கட்டுன பைனரி, சோர்ஸ் கைல இல்லாததால நாம திரும்ப கம்பைல் பண்ணவும் முடியாது. ஃப்ளாட்பேக்ங்கற, எந்த டிஸ்ட்ரோலயும் ஓடற பேக்கேஜ் வடிவத்துல ஃபயர்பாக்ஸ் போட்டா அது தனக்கு வேணுங்கற ஜிலிப்சிய தன்னோடயே கொண்டு வந்துரும், ஓடிரும்.

டெபியன்வாசி:
முனையக்கிளி அண்ணே ரொம்ப நன்றி, டிக் போட்டதும் கொஞ்ச நேரத்துல ப்ளகின்ஸ்ல வந்துருச்சு, படம் ஓடுது!! ஆனா ஒரு சந்தேகம், படம் கொஞ்சம் மங்கலா இருக்கு, எழுத்து ஓரமெல்லாம் கலங்குன மாதிரி தெரியுது, நான் கட்டுன ப்ளான்ல முழு ஹெச்டின்னு போட்டிருக்கு. நெட் வேகம் நல்லாதான் இருக்கு. குரோம் போட்டா சரியாகுமா?

முனையக்கிளி:
ஆகாது, அதுக்காக குரோம் போடாதீங்க. வைட்வைன்ல எல்1, எல்2, எல்3னு மூணு நிலை இருக்கு. எல்1ல பூட்டத் திறக்கறதுல இருந்து படத்த டீகோட் பண்றது வரைக்கும் சிப்புக்குள்ள இருக்கற பாதுகாப்பான பகுதியிலயே நடக்கும். லினக்ஸ் டெஸ்க்டாப்ல கிடைக்கறது எல்3, அதாவது எல்லாமே வெறும் சாஃப்ட்வேர்ல, ஃபயர்பாக்ஸா இருந்தாலும் குரோமா இருந்தாலும் இதே கதைதான். எல்3ன்னு தெரிஞ்சதும் நிறைய சேவைங்க முழு ஹெச்டியான 1080க்கு பதிலா 720 தெளிவு, இல்ல அதுக்கும் கீழதான் அனுப்பும். எவ்வளவு தரணும்ங்கறது அவங்க சர்வர் எடுக்கற முடிவு, உங்க பக்கம் நீங்க என்ன மாத்துனாலும் அது மாறாது. ஏதாவது எக்ஸ்டென்ஷன் போட்டா ஹெச்டி வரும்னு யாராவது சொன்னா கொஞ்சம் யோசிங்க, முன்பின் தெரியாத ஆள் எழுதுன எக்ஸ்டென்ஷனுக்கு உங்க லாகின் பக்கத்தையே திறந்து விடறதுக்கு சமம் அது.

எனக்கு இதுல உண்மையாவே கோவம் இருக்கு. முழு ஹெச்டிக்கு காசு வாங்கறவங்க, எந்த சிஸ்டத்துல எவ்வளவு கிடைக்கும்னு பணம் கட்டற பக்கத்துலயே பளிச்சுன்னு போடணும், உதவிப் பக்கத்துல எங்கயோ ஒரு மூலைல போட்டு வைக்கறது முறையில்ல. அவங்க சப்போர்ட்டுக்கு எழுதுங்க, லினக்ஸ்ல பாக்கறவங்களும் காசு கட்டறாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்.

வேர்ச்சொல்:
மூடுன துண்டு ஒண்ணு உள்ள வந்துருச்சேன்னு உறுத்தலா இருந்தா ஃபயர்பாக்ஸ்ல வீடியோவுக்குன்னு தனி ப்ரோஃபைல் வச்சுக்குங்க. டிஆர்எம் டிக் அதுல மட்டும் ஆன், அந்த ஒரு சைட் லாகின் மட்டும் அதுல, மெயில், பேங்க் எல்லாம் பழைய ப்ரோஃபைல்ல. வைட்வைன ஃபயர்பாக்ஸ் மத்ததத் தொட முடியாம அடைச்சு வைக்கற சேண்ட்பாக்ஸ்க்குள்ளதான் ஓட்டுது, இருந்தாலும் நான் இப்படித்தான் வச்சிருக்கேன், நிம்மதியா இருக்கு.

டெபியன்வாசி:
தனி ப்ரோஃபைல் இப்பவே பண்ணிட்டேன், சப்போர்ட்டுக்கும் எழுதிட்டேன். இன்னொண்ணு, வீட்ல ஒரு ராஸ்பெர்ரி பை சும்மா கெடக்கு, டிவில மாட்டி இதையே அதுல பண்ணலாமா?

கட்டளைவரி:
பண்ணலாம், ஆனா அதுல இருக்கறது ஏஆர்எம் வகை ப்ராசஸர், மேல சொன்ன டிக் பெட்டி வழி சாதாரண லேப்டாப்ல இருக்கற எக்ஸ்86 வகைக்கானது, அப்படியே அங்க எதிர்பார்க்காதீங்க. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல அவங்களே 2021ல இருந்து வைட்வைன தனி பேக்கேஜா குடுக்கறாங்க, கூட வர்ற குரோமியம்ல அது வேலை செய்யும். வேற டிஸ்ட்ரோ போட்டு கஷ்டப்படாம அவங்க ஓஎஸ்ஸையே போட்டுப் பாருங்க, நிலை அங்கயும் எல்3தான்.