எஃப்டிபி-யில் இறக்கிய கல்யாணப் படங்கள் திறக்கவில்லை, உதவி தேவை

பாளை ஸ்டுடியோ:
பாளையங்கோட்டையில் ஆல்பம் டிசைன் செய்கிறேன். அம்பாசமுத்திரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு இரண்டு போட்டோகிராபர்கள். இருவரும் படங்களை லினக்ஸ் சர்வரில் ஏற்றிவிட்டார்கள். கடையின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பேட்ச் ஃபைலை (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) ஓட்டி, நெட் வழியாக ஃபைல்களை அனுப்பும் முறையான எஃப்டிபி-யில் இறக்கினேன். ஜேபெக் எதுவும் ஒழுங்காகத் திறக்கவில்லை. ஒன்றில் மாப்பிள்ளையின் மாலை வரை தெரிகிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பிஎன்ஜி லோகோ அடியோடு திறக்கவில்லை. கூட வந்த டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் நன்றாக இருக்கிறது. மறுவீட்டுக்குள் ஆல்பம் கேட்கிறார்கள்.

கல்லிடை வாசகர்:
பாதியிலேயே நெட் அறுந்திருக்கும். ரிப்பேர் சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கலாமே?

பேட்டை அண்ணாச்சி:
ரிப்பேர் இப்போது வேண்டாம், தம்பி. முதலில் ஒரே படத்தின் பைட் அளவை சர்வரிலும் உங்களிடமும் பார்த்துச் சொல்லுங்கள். பாதியில் அறுந்திருந்தால் உங்களிடம் குறைவாக இருக்கும்.

பாளை ஸ்டுடியோ:
சர்வரில் 42,00,118. என்னிடம் 42,16,390. கூடியிருக்கிறதே அண்ணாச்சி?

பேட்டை அண்ணாச்சி:
அப்படியானால் ஆஸ்கி மோடில் இறங்கியிருக்கிறது. அந்த மோடு எல்லாவற்றையும் எழுத்தாகவே நினைக்கும். லினக்ஸில் வரி முடிவு 10 என்ற ஒரே பைட். விண்டோஸில் 13, 10 என்று இரண்டு. அதனால் படத்துக்குள் 10 வரும் இடமெல்லாம் ஒரு 13 சொருகப்படும். பைட் மதிப்புகள் 256 என்பதால், 256-க்கு ஒன்று வீதம் கூடும். உங்கள் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். டெக்ஸ்டுக்கு இது நல்லது, படத்துக்கு விஷம். பிஎன்ஜி-யின் முதல் எட்டு பைட்டுக்குள் 13, 10 வைத்திருப்பதே இந்தக் கோளாறைப் பிடிக்கத்தான்.

பேட்ச் ஃபைல் எஃப்டிபி புரோகிராமுக்குக் கொடுக்கும் கட்டளைகளில், லாகின் முடிந்ததும் ‘பைனரி’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தனி வரியாகச் சேருங்கள். அது பைட்டுகளை மாற்றாமல் அப்படியே இறக்கும். படங்களை இறக்கும் ‘கெட்’ வரிகளுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஃபைல்ஸில்லா என்ற எஃப்டிபி சாஃப்ட்வேர் என்றால் டிரான்ஸ்ஃபர் மெனுவில் மோடை மாற்றலாம். பழையதை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பாளை ஸ்டுடியோ:
லோகோ திறந்துவிட்டது! முதல் போட்டோகிராபர் படங்களும் பளிச்சென்று இருக்கின்றன. இரண்டாமவர் படங்கள் மட்டும் அளவு ஒத்துப்போயும் திறக்கவில்லை.

பேட்டை அண்ணாச்சி:
அவர் விண்டோஸிலிருந்து ஏற்றும்போதே ஆஸ்கியாக இருந்திருக்கும். அப்போது 13, 10 ஜோடி ஒற்றை 10 ஆகிவிடும். எந்த 10-க்கு முன்னால் 13 இருந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சர்வரில் இருப்பதே கெட்டுப்போனதுதான். உடனே அவருக்குப் போன் போடுங்கள், அடுத்த கல்யாணத்துக்காக மெமரி கார்டை ஃபார்மட் செய்துவிடப் போகிறார். மூலப் படங்களை பைனரியில் மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.

பாளை ஸ்டுடியோ:
பேசிவிட்டேன் அண்ணாச்சி, கார்டு அப்படியே இருக்கிறதாம். தென்காசியிலிருந்து ராத்திரியே ஏற்றுகிறார். ரொம்ப நன்றி.