மறுமொழி: பிளக் முனை பார்த்து எஞ்சின் நிலை சொல்வதற்கு ஒரு சொல்: ‘பொறிமுனை நோட்டம்’

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, முனையைப் பார்த்தே எஞ்சினின் நிலையைக் கணிக்கும் வேலைக்கு (ஆங்கிலத்தில் ‘பிளக் ரீடிங்’) ‘செருகி வாசிப்பு’, ‘தீப்பொறிச் செருகி ஆய்வு’ என்று இரண்டு சொற்கள் வந்துள்ளன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘பொறிமுனை நோட்டம்’ என்பதை முன்வைக்கிறேன்.

> ‘ரீடிங்’ என்றால் வாசிப்புதானே, அதையே வைத்தால் என்ன?

பிளக் முனையில் வாசிக்க எழுத்தில்லை. நிறமும் ஈரமும் தேய்மானமும்தான் இருக்கின்றன. கண்ணால் பார்த்துத் தரம் சொல்வதற்குத் தமிழில் முன்பே சொல் உண்டு: பொன் நோட்டம், மணி நோட்டம், காசு நோட்டம். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு வரும் ‘வண்ணக்கன்’ நாணய நோட்டம் பார்த்தவர்தான். ‘ஆய்வு’ என்றால் ஆய்வகம் நினைவுக்கு வரும். இதற்கு பிளக் ஸ்பேனரும் நல்ல வெளிச்சமும் போதும்.

சொல் பொருந்துகிறதா என்று வேலையோடு வைத்துப் பார்ப்போம். எங்கள் வீட்டில் இருப்பது பழைய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கில் கை வைக்க வேண்டும். சூட்டோடு திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். ஒயரை இழுக்காமல் தொப்பியைப் பிடித்து எடுத்து, மூன்று பிளக்கையும் வரிசை மாறாமல் அட்டையில் வைக்க வேண்டும். எந்த சிலிண்டருடையது என்று தெரியாத பிளக்கை நோட்டம் பார்த்துப் பயனில்லை.

ஒன்றிலும் மூன்றிலும் பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாக, உலர்ந்து இருந்தது. பெட்ரோல்-காற்றுக் கலவையும் சூடும் சரி. இரண்டாவது கருப்பு. கருப்பைக் கண்டவுடன் ‘மிக்ஸ்சர் ரிச்’, அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம் என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். விரலில் தேய்த்தால் பொடியாக ஒட்டுவது கரி. ஏர் ஃபில்டர் அடைப்பாலோ சோக் சரியாக விலகாததாலோ வந்த கரி என்றால் பெரும்பாலும் எல்லா பிளக்கிலும் தெரியும். இது ஒன்றில் மட்டும் இருந்தது, பளபளத்தது, விரலில் வழுக்கியது. எண்ணெய்தான்.

அடுத்து, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். பொறி வராமலிருக்க இக்னிஷன் காயிலின் ஒயரைப் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றியபோது அந்த சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவாகக் காட்டியது. பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுற்றினோம், ஏறியது. விட்ட எண்ணெய் பிஸ்டன் ரிங் இடுக்கை அடைத்திருக்கிறது என்று பொருள், தேய்மானம் அங்கேதான். ஏறாமல் நின்றிருந்தால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே பிளக் முனையில் அழுக்கு படிவதைக் குறிக்கும் ‘ஃபவுலிங்’ என்பதை ‘மாசடைதல்’ என்று ஒரே சொல்லாகப் பதிவதையும் எதிர்க்கிறேன். பட்டறையில் யாரும் மாசு என்று சொல்வதில்லை. ‘கரி பிடிச்சிருக்கு’, ‘ஆயில் அடிச்சிருக்கு’ என்று பிரித்தே பேசுகிறார்கள், ஏனென்றால் முதலாவதற்கு ஃபில்டர் விலை, இரண்டாவதற்கு எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கலாம். ‘கரிப்படிவு’, ‘எண்ணெய்ப்படிவு’ என இரண்டாகப் பதிவோம். பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்துக் கொப்புளித்திருப்பது படிவே அல்ல, அதிகச் சூடு. அதற்கு ‘வெளுப்பு’ தனியாக இருக்கட்டும்.

> நோட்டம் விடுதல் என்றால் திருடப் பார்ப்பது அல்லவா?

அந்தப் பொருள் பெரும்பாலும் ‘விடு’ சேரும்போது வருகிறது. ‘நோட்டம் பார்’ என்பதற்குத் தரம் பார்ப்பது என்ற பொருளும் உண்டு.

> பிளக்கை பிளக் என்றே விடக் கூடாதா?

விடலாம், நானும் கடையில் அப்படித்தான் கேட்கிறேன். ‘பொறிமுனை’ முழு பிளக்குக்கும் பெயரல்ல. பொறி பாயும் நுனிக்கு மட்டும். இரண்டு மின்முனைகளும் பீங்கான் மூக்கும் அடங்கிய பகுதி அது. பல வண்டிகளில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை விடும் இடைவெளி (‘கேப்’) இருப்பதும் அங்கேதான். அதைப் ‘பொறியிடைவெளி’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

பிளக் முனையின் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைச் சொல்லும் ‘ஹீட் ரேஞ்ச்’ மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. ‘வெப்ப எண்’ என்று போட்டிருக்கிறோம். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏற ஏற ‘கோல்டு’ பிளக் (சூட்டை வேகமாகக் கடத்துவது), பாஷில் எண் ஏற ஏற ‘ஹாட்’ பிளக் (மெதுவாகக் கடத்துவது). வெப்ப எண் என்று படிப்பவர் என்ஜிகே பெட்டியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஏற்கெனவே வெளுத்த முனைக்கு இன்னும் சூடான பிளக்கை மாட்டிவிடுவார். முனையின் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தும் திறனைத்தான் அந்த எண் குறிக்கிறது என்பதால், ‘சூடுகடத்து தரம்’ எப்படி? பட்டறை வைத்திருப்பவர்கள் சொன்னால் நல்லது.