அக்னிவீர் தம்பி வெளிய வரப் போறான், பட்டாளத்துல கத்துக்கிட்டது சிவில் வேலைல எங்க உதவும்?

ஆரணி அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி மொத பேட்ச் அக்னிவீர், அதான் நாலு வருஷத்துக்கு மட்டும் பட்டாளத்துல எடுக்குற திட்டம், 2023 ஜனவரில ட்ரெயினிங் சேந்தான், நாலு வருஷம் முடியப் போகுது. நூத்துக்கு 25 பேரு வரைக்கும்தான் ரெகுலர்ல எடுப்பாங்களாம், மத்தவங்களுக்கு சேவா நிதின்னு 11.71 லட்சம் போல குடுத்து அனுப்பிடுவாங்க. பென்ஷன் இல்ல, எக்ஸ் சர்வீஸ்மேன் அந்தஸ்து இல்ல, அதனால கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ்னு சொல்ற வைத்திய வசதி எதுவுமே கெடைக்காது. ஊர்ல யாரக் கேட்டாலும் "பட்டாளத்துல இருந்த பையன், டிசிப்ளின் இருக்கும், எங்க போனாலும் பொழச்சுக்குவான்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. அத வச்சு நான் என்ன பண்றது? சர்வீஸ்ல இருந்துட்டு வெளிய வந்து வேலை பாக்குறவங்க யாராச்சும் இருந்தா, அங்க கத்துக்கிட்டதுல எது உண்மையாவே கை குடுத்துச்சுன்னு சொல்லுங்க.

நாமக்கல் எக்ஸ் டிரைவர்:
தம்பிய கேட்டதா சொல்லும்மா. நான் ஏ.எஸ்.சி.ல, அதான் ரேஷனும் சாமானும் கொண்டு போற ஆர்மி சர்வீஸ் கோர்ல டிரைவர், ஹவில்தாரா பென்ஷன் வந்து இப்ப இங்க ஒரு லாரி ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருக்கேன். எனக்கு இன்னைக்கு வரைக்கும் சோறு போடுறது பர்ஸ்ட் பரேட்தான். பட்டாளத்துல சாவி போடுறதுக்கு முன்னாடி ஆயில், தண்ணி, பேட்டரி, பெல்ட், டயர் காத்து எல்லாம் பாக்கணும், குனிஞ்சு வண்டிக்கு அடியில ஏதாச்சும் சொட்டியிருக்கான்னு பாக்கணும், நேத்து பாத்தாச்சேன்னு விட முடியாது. வழியில நிறுத்துனா ஹால்ட் பரேட், சாயங்காலம் லாஸ்ட் பரேட். ஹால்ட்ல எறங்குன உடனே ஒவ்வொரு வீல் ஹப்லயும் கை வச்சுப் பாப்போம், மத்ததெல்லாம் ஒரே மாதிரி சூடா இருந்து ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்க பேரிங்கோ பிரேக்கோ பிடிக்குதுன்னு அர்த்தம்.

ஸ்ரீநகர்லேந்து லடாக் போற வழியில ஜோஜிலா கணவாய் ஏர்றப்ப இது ஏன்னு புரியும். 11,500 அடிக்கு மேல, ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பள்ளம், ஒரு ஸ்டாலியன் லாரி மக்கர் பண்ணி நின்னா பின்னாடி வர்ற கான்வாய் மொத்தமும் நிக்கும், லடாக்ல குளிர்காலத்துக்கு ஸ்டாக் பண்ற ரேஷனும் கெரசினும் அந்த ரோட்டு வழியாவும் போகணும், ஸ்னோ விழுந்து ரோடு மூடுறதுக்குள்ள போய் சேரணும். அதே பழக்கத்த இங்க லாரி டிரைவர் பசங்ககிட்ட கொண்டு வந்தேன், ரிவர்ஸ் எடுக்குறப்ப கிளீனர் எறங்கி பின்னாடி நின்னு கை காட்டணும், இல்லன்னா வண்டி நகரக் கூடாது. மொதல்ல மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டானுங்க, இப்ப அவனுங்களே புதுசா வர்றவனுக்கு சொல்லிக் குடுக்குறானுங்க. உங்க தம்பி எந்த வேலைக்குப் போனாலும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாக்குற இந்தப் பழக்கத்த மட்டும் விடாம வச்சுக்கச் சொல்லு.

குன்னூர் சுபேதார்:
நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட். வெலிங்டன்லதான் ட்ரெயினிங், ரிட்டயர் ஆகி பக்கத்துலயே தங்கிட்டேன். மேல அண்ணன் சொன்னதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, ஆனா ஆள் நடத்துறதப் பத்தியும் சொல்லணும். சியாச்சின் போறவன யாரா இருந்தாலும் நேரா மேல ஏத்த மாட்டாங்க, 9,000 அடிலேந்து 12,000 வரைக்கும் ஆறு நாள், 15,000 வரைக்கும் நாலு நாள், அதுக்கு மேல இன்னொரு நாலு நாள்னு உடம்பப் பழக்கித்தான் விடுவாங்க. நல்லா ஓடுற பையன் எனக்கு ஒண்ணும் ஆகாது சாப்னு துள்ளுவான், அவனையும் உக்கார வச்சிடுவோம், ஏன்னா நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டா பலசாலி நோஞ்சான்னு பாக்காது.

பனியில நடக்குறப்ப எல்லாரும் ஒரே கயித்துல கட்டிக்கிட்டுப் போவோம், ரோப் பார்ட்டின்னு பேரு, எவனாச்சும் பனிப் பொளவுல விழுந்தா மத்தவன் இழுத்துப் பிடிக்க. அதுல மெதுவா நடக்குறவன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். வேகமா போனா வேர்க்கும், வேர்வை துணிக்குள்ள உறைஞ்சா ஆளு காலி. ராத்திரி போஸ்ட்ல ஒவ்வொருத்தன் பூட்ஸையும் கழட்டச் சொல்லி காலப் பாக்கணும், வெரல் வெளுத்துப் போச்சா, தொட்டா தெரியுதான்னு. பையன் ஒண்ணுமில்ல சாப்னுதான் சொல்லுவான், வாய நம்பாம காலத்தான் நம்பணும். இப்ப நான் ஒரு எஸ்டேட்ல ஆளுங்கள மேய்க்கிறேன், யாரு சோர்ந்திருக்கா, யாரு வீட்டுல பிரச்சினைன்னு கேக்காமயே தெரிஞ்சுக்கிற பார்வை அங்கேர்ந்து வந்ததுதான். இதை சர்டிபிகேட்ல எப்படிப் போடுறதுன்னு எனக்கும் தெரியலம்மா, ஆனா ஆறு மாசத்துல மொதலாளிக்கே தெரிஞ்சிடும்.

ஓசூர் ஹெச்ஆர்:
அந்த ஆறு மாசம் வரைக்கும் போறதுக்கு மொதல்ல வேலை கெடைக்கணும் ஐயா, அதான் எனக்குக் கவலை. நான் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ஆள் எடுக்குறேன். பட்டாளத்துலேந்து வர்றவங்க இண்டர்வியூல உக்காந்து "எந்த வேலை குடுத்தாலும் செய்வேன் மேடம்"னு சொல்றாங்க. மனசார சொல்றாங்க, எனக்குத் தெரியும், ஆனா எதிர்ல இருக்குற மேனேஜர் அத ஒண்ணுமே தெரியாதவன்னு எடுத்துக்கிட்டு செக்யூரிட்டி கார்டுக்கு தள்ளிடறாரு. எனக்கு வயிறு எரியும். சம்பளம் எவ்ளோ எதிர்பாக்குறீங்கன்னு கேட்டா குடுக்குறத குடுங்கங்கறாங்க, அங்க ரேங்க்குக்கு இவ்ளோன்னு வரும், கேட்டு வாங்கிப் பழக்கமில்ல. அதே மாதிரி ஒரு வேலைய ஏன் இப்படிப் பண்றோம்னு சீனியர்கிட்ட கேக்கவும் தயங்குறாங்க, எங்க லைன்ல கேக்கலன்னா ரிஜெக்ஷன் பீஸ் அப்படியே போய்க்கிட்டு இருக்கும். இது ரெண்டையும் வெளிய வர்றதுக்கு முன்னாடியே பேசிப் பழகட்டும். அக்கா, தம்பி யூனிட்ல என்ன வேலை பாத்தாருன்னு சொல்லுங்க, ஜிடி, ஜெனரல் டியூட்டின்னு பொதுவா சொல்லாதீங்க, காலைலேந்து என்ன செஞ்சாருன்னு.

ஆரணி அக்கா:
இன்பாண்ட்ரிம்மா. கடைசி வருஷம் கோத்துல போட்டிருக்காங்க, துப்பாக்கி வைக்கிற ரூமு. ரிஜிஸ்டர்ல நம்பர் பாத்து கையெழுத்து வாங்கிக் குடுக்கணுமாம், திரும்ப வந்ததும் நம்பர் சரி பாத்து வாங்கணும், காலைல ஒரு எண்ணிக்கை சாயங்காலம் ஒரு எண்ணிக்கை, ஒண்ணு கொறஞ்சாலும் யாரும் எடத்த விட்டு நகர முடியாதுன்னு சொல்லுவான்.

ஓசூர் ஹெச்ஆர்:
பாத்தீங்களா, இத அவரு இண்டர்வியூல சொல்லவே மாட்டாரு! எங்க டூல் ரூம்ல கேஜும் கட்டரும் ஷிப்ட் மாறுறப்ப காணாமப் போகுதுன்னு மாசாமாசம் சண்டை. சீரியல் நம்பர் வச்சு இஷ்யூ பண்ணி, திரும்ப வாங்கி, தினமும் ரெண்டு தடவ ஸ்டாக் சரி பாத்த ஆளுன்னு ரெஸ்யூம்ல மொத வரியிலயே வரணும், ஆயுதத்தோட எண்ணிக்கை, யூனிட் இருக்குற எடம் மாதிரி வெளிய சொல்லக் கூடாதத மட்டும் விட்டுட்டு. லீவுல வந்தா எக்ஸெல் கத்துக்கச் சொல்லுங்க, ரிஜிஸ்டர் கணக்கு கையில இருக்குறவருக்கு அது பெரிய விஷயம் இல்ல. ஸ்டோர்ஸ், டூல் கிரிப் (டூல் வச்சு இஷ்யூ பண்ற எடம்), வேர்ஹவுஸ் இந்த மூணுக்கும் அப்ளை பண்ணட்டும், செக்யூரிட்டிக்கு மட்டும் மொதல்லயே தலையாட்ட வேணாம்.

நாமக்கல் எக்ஸ் டிரைவர்:
மேடம் சொல்றத அப்படியே செய்யும்மா. ஹெவி லைசென்ஸ் எடுக்குற ஆசை இருந்தா அதையும் கேட்டுச் சொல்லு, நான் பழக்கி விடறேன்.