ஆரல்வாய்மொழிப் பக்கம் இயற்கை முறையில் பன்னீர் திராட்சை, ஒயினுக்கு: சரிப்படுமா?

புதுக்கொடி:
அண்ணன்மாரே, ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே 50 சென்ட் செம்மண், கிணறு உண்டு. ரசாயனம் இல்லாமல் பன்னீர் திராட்சை வைத்து, பிறகு சின்ன அளவில் ஒயின் போட ஆசை. வருஷம் இரண்டு அறுப்பு எடுக்கலாமா? எத்தனை கன்று வேணும்? நோய்க்கு என்ன தெளிக்க?

பந்தல்காரன்:
இரண்டாவது அறுப்பை மறந்திடுங்க தம்பி. கவாத்திலிருந்து (கொடி வெட்டுவதிலிருந்து) பழத்துக்குச் சுமார் 120 நாள். பூக்கும்போதும் கடைசி மாதமும் மழை ஆகாது. மே, ஜூனில் வெட்டினால் பூவோ பழமோ பருவமழையில் மாட்டும். டிசம்பர் பின்பாதியில் வெட்டி ஏப்ரலில் அறுங்க. ஜனவரி கடைசிக்குத் தள்ளினால் கோடை மழையில் பழம் வெடிக்கும். முற்றின கொடியில் 4-5 கண் (மொட்டு), மெலிந்ததில் 1-2 கண் விடணும். அறுப்பு முடிந்தபின் ஒரு வெட்டு, அது கொடி வளர்க்க மட்டும்.

3×2 மீட்டர் இடைவெளியில் 330 கன்று பிடிக்கும். ஆனி, ஆடிக் காற்றுதான் தலைவலி; பக்கத்து முப்பந்தலில் காற்றாலை சும்மாவா நிற்குது? மேற்கு எல்லையில் இரண்டு வரிசை சவுக்கு முதலில் நடுங்க. பந்தலின் ஓரக் கல்தூண்களுக்கு வெளியே இழுகம்பி கட்டாயம்.

செம்மண்:
நோயில் பெரிசு அடிச்சாம்பல், இலையின் அடியில் வெள்ளையாகப் படரும் பூஞ்சை நோய். இயற்கை முறையில் கைகொடுப்பது போர்டோ கலவை: 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ நீற்றாத சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். தனித்தனியே 50 லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றணும். இரும்பு வாளி வேண்டாம், பிளாஸ்டிக் டிரம். துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கினால் செம்பு படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதாது, இலை கருகும். அன்றைக்கே தெளித்து முடிக்கணும். இளந்தளிருக்கு அரை வீரியம்.

அளவு மீறாதீங்க. துத்தத்தில் கால்பங்கு செம்பு. அது மண்ணை விட்டுப் போகாது, மண்புழு குறையும். ஐரோப்பிய இயற்கை விவசாய வரம்பு ஹெக்டேருக்கு வருஷம் சராசரி 4 கிலோ செம்பு. உங்க 50 சென்டுக்கு அது 3 கிலோ துத்தம், அதாவது முழு வீரியத்தில் 300 லிட்டர். அதனால் மழைக்கு முன்னாடி தெளிக்கப் பாருங்க. நோய் வந்தபின் அடிப்பது வீண். பந்தலில் இலையைக் கழித்து வெளிச்சம் விட்டாலே பாதி நோய் குறையும்.

நுரைமதிப்பு:
ஒயினுக்கு முதல் வேலை உரிமம். 1937 மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் பத்து லிட்டர் போட்டாலும் குற்றம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு போடுறாங்களே என்று சொன்னால் வழக்கில் எடுபடாது. இயற்கைச் சான்றுக்கும் முதல் அறுப்புக்கு முன் 3 வருஷ மாறுதல் காலம் உண்டு.

லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹால் ஆகும். 18 பிரிக்ஸில் (100 கிராம் சாற்றில் சுமார் 18 கிராம் சர்க்கரை) அறுத்தால் ஏறக்குறைய 10 சதவீதம். ஏப்ரல் வெக்கையில் நொதிக்கும் சாறு தானாகவே இன்னும் சூடேறும். 32 டிகிரி தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்து சர்க்கரை மிச்சம் நிற்கும், பிறகு காடிதான். விடியுமுன் அறுத்து, 25 டிகிரிக்குள் வைக்க வசதி பண்ணுங்க. சாயம் கம்மியான பழம்; அடர் சிவப்பை எதிர்பார்க்காதீங்க.

புதுக்கொடி:
டார்மெக்ஸ் (கண் வெடிக்கப் பூசுற ரசாயனம்) பூசாமல் கண் ஒண்ணாக வெடிக்குமா?

பந்தல்காரன்:
வெடிக்காது. இயற்கை முறையில் அதற்கு அனுமதியும் இல்லை. கவாத்துக்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தி, இலையை உருவுங்க. ஓரளவு சேர்ந்து வரும். இரண்டு மூன்று தடவையாக அறுக்கிறதுக்கு ஆள் பார்த்து வைங்க, ஒவ்வொரு தடவையும் பந்தலின் நாலு பக்கத்திலும் பழம் எடுத்து பிரிக்ஸ் பாருங்க.