பாட்டி வீட்டுக் குழு: குட்டியின் ஃபிடில் முகாம்

*ஞாயிறு*

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): குட்டியை கேப் பிரிட்டன் தீவில் விட்டுவிட்டு இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம். செயின்ட் ஆன்ஸில் இருக்கிற கேலிக் கல்லூரி, ஒரு வாரம் அங்கேயே தங்கிப் படிக்கிறாள். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், முதுகு போய்விட்டது

பெரியப்பா: பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு என்ன கல்லூரி?

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): பேர்தான் கல்லூரி, அண்ணா. 1938-இல் ஆரம்பித்தது. ஸ்காட்லாந்து மலைப்பக்கத்தில் இருந்து துரத்தப்பட்டும் பிழைப்புத் தேடியும் இந்தத் தீவுக்கு வந்தவர்களின் வம்சத்துக்காக. அவர்களுடைய கேலிக் மொழி, ஃபிடில், பைப் (பையில் காற்றடைத்து ஊதுகிற ஸ்காட்லாந்து வாத்தியம்), நடனம், நெசவு எல்லாம் உண்டு. கோடையில் பிள்ளைகளுக்கு வார வகுப்பு. இப்போது யார் வேண்டுமானாலும் சேரலாம்

பாட்டி: ஃபிடில் என்றால் நம் வயலின்தானே. உட்கார வைத்து இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்த கை அது, நின்றுகொண்டு தாடையில் வைத்துத் தேய்த்தால் கமகம் என்ன ஆகும்

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): அம்மா, முதலில் கேளுங்கள். அங்கே தாளைப் பார்த்து வாசிக்கவே விடுவதில்லையாம். வாத்தியார் ஒரு வரி வாசிப்பார், பிள்ளைகள் அதையே திருப்பி வாசிக்க வேண்டும், எல்லோருக்கும் வந்தால்தான் அடுத்த வரி

பாட்டி: அப்படியானால் சரி. படிக்கட்டும்

*செவ்வாய்*

குட்டி: 🎤 குரல் பதிவு (1:48)

நான்: பாதிதான் புரிந்தது, பின்னால் யாரோ தடதட என்று மிதிக்கிறார்கள்

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): அதுதான் விஷயமே. காலையில் ஃபிடில், மத்தியானம் அதே பிள்ளைகளை நடன வகுப்புக்குத் துரத்திவிடுகிறார் ஃபிடில் வாத்தியார். ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒரு வகை மெட்டு, நொண்டி நொண்டிப் போகும். இவள் அதை வேகமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து அதற்கு ஆடிப் பார்த்தார், கால் பதியவே இடமில்லை. இப்போது நீ ஆடு, நான் அதே வேகத்தில் வாசிக்கிறேன் என்றாராம். இவள் இரண்டாவது வரியிலேயே தடுமாறி நின்றுவிட்டாள். அப்புறம் வேகம் தானாகக் குறைந்தது

பெரியப்பா: காசு கட்டி வயலின் படிக்க அனுப்பினால் ஆட்டம் சொல்லித் தருகிறார்களா. நன்றாக இருக்கிறது

மாமா: ஆட்டம் இல்லாமல் அந்த வாசிப்பே இல்லை. கச்சேரி மேடைக்காக வளர்ந்த சங்கீதம் இல்லை அது, சமையலறையிலும் ஊர்க் கூடத்திலும் ஆடுகிறவர்களுக்காக வாசித்தது. 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி ஒரு ஆவணப்படம் போட்டது, கேப் பிரிட்டன் ஃபிடில்காரர்கள் அழிந்துகொண்டிருக்கிறார்கள், இளம்பிள்ளைகள் யாரும் எடுப்பதில்லை என்று. தீவே கொதித்துப்போனது. 1973-இல் கிளெண்டேல் என்ற சின்ன ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபிடில்காரர்களை ஒரே மேடையில் ஏற்றிக் காட்டினார்கள். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த மேடை இல்லை, அதற்குப் பிறகு சத்தமில்லாமல் பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பித்ததுதான். ஸ்டான் சாப்மன் என்று ஒரு வாத்தியார், அவரிடம் சின்ன வயதில் படித்தவர்கள்தான் பேர்போன ஃபிடில்காரர்களான நாட்டலி மக்மாஸ்டரும் ஆஷ்லி மக்ஐசக்கும்

மாமா: அந்த நாட்டலியின் பெரியப்பா மாதிரி ஒருவர், அப்பாவின் அண்ணனோ தம்பியோ, பட்டி மக்மாஸ்டர். தீவிலேயே பெரிய பெயர். ரயில்வேயில் ஸ்டேஷன் ஏஜென்ட். வேலையும் பார்த்துக்கொண்டு ஊர் ஊராக நடனத்துக்கு வாசித்தவர்

பெரியப்பா: ரயில்வே ஆளா?

பெரியப்பா: விழுப்புரத்தில் எனக்கு டீ குடிக்கவே நேரம் கிடைத்ததில்லை. அந்த லைனில் வண்டி குறைவாக இருந்திருக்கும்

நான்: 😂😂

சின்ன மாமி: 🌹 இனிய காலை வணக்கம். நல்லதே நடக்கும் 🌹

*புதன்*

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): அம்மா, உங்களுக்கு ஒன்று. இங்கே ஒரே சுரத்தை வில்லால் மூன்றாகப் பொடிப்பொடியாக வெட்டி வாசிக்கிறார்கள், ‘கட்’ என்று பெயர். பைப்பில் இருந்து வந்ததாம். பைப்பில் காற்றை நடுவில் நிறுத்த முடியாது, அதனால் ஒரே சுரம் இரண்டு முறை வர வேண்டும் என்றால் விரலைச் சட்டென்று தட்டித்தான் பிரிக்க முடியும். ஃபிடில்காரர்கள் அதையே வில்லில் செய்கிறார்கள். குட்டிக்கு மணிக்கட்டு இறுக்கமாக இருக்கிறதாம், கமகத்துக்கு இடது கை உழைத்ததே தவிர வலது கை சும்மா இருந்திருக்கிறது என்றாராம் வாத்தியார்

பாட்டி: சும்மா இருந்ததா? அவரை என்னிடம் பேசச் சொல்

பாட்டி: ஆனால் மணிக்கட்டு இறுக்கம் உண்மை. நானும் சொல்லியிருக்கிறேன், கேட்க மாட்டாள்

குட்டி: 🎤 குரல் பதிவு (0:51)

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தாங்களாகவே வாசித்தது. ஒரு பெண் அயர்லாந்து மெட்டு எடுத்தாளாம், ரேக்ஸ் ஆஃப் மேலோ

பாட்டி: இது வந்தே மீனாட்சி!!

பாட்டி: தீட்சிதர் நோட்டுஸ்வரம். குட்டிக்குச் சரளி வரிசை முடிந்த கையோடு சொல்லிக் கொடுத்திருக்கிறேனே

நான்: பாட்டி, மெட்டு அங்கே எப்படிப் போனது?

பாட்டி: அங்கே போகவில்லை, அங்கிருந்துதான் வந்தது. மணலியில் இருந்தபோது தீட்சிதர் கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். எல்லாம் சங்கராபரணம். தம்பி பாலுஸ்வாமி வெள்ளைக்காரரிடம் வயலினே கற்றுக்கொண்டார், அப்படித்தான் வயலின் நம் சங்கீதத்துக்கு வந்தது. குட்டியை நாளைக்குச் சாகித்யத்தோடு பாடிக் காட்டச் சொல்

*வெள்ளி*

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): பாடினாள் அம்மா. பியானோ வாசிக்கிற பையன் உடனே கூடச் சேர்ந்துகொண்டான், இங்கே ஃபிடிலுக்குப் பக்கத்தில் பியானோ இல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள். வாத்தியார் மூன்று முறை பாடச் சொல்லிக் கேட்டாராம், கேட்டுவிட்டு ஒரே கேள்வி, இதற்கு உங்கள் ஊரில் யார் ஆடுவார்கள்?

பாட்டி: யாரும் ஆட மாட்டார்கள். கைதட்டித் தாளம் போடுவோம்

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): அதைச் சொன்னதும் இரண்டு பெண்கள் எழுந்து ஆடிவிட்டார்கள். குட்டி வாசித்திருக்கிறாள். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே வாசித்ததில் கை என்ன செய்கிறது என்ற நினைப்பே இல்லை, மணிக்கட்டு தானாக இளகிவிட்டது என்கிறாள்

பெரியப்பா: வீடியோ?

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): யாரும் எடுக்கவில்லை அண்ணா

பெரியப்பா: ஆளுக்கொரு போன் இருக்கிற காலத்தில் ஒருத்தர் கூட எடுக்கவில்லையா

மாமா: நாளை அவளைக் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வரப்போவதில்லை. சனிக்கிழமை மேற்கு மாபூ ஊர்க் கூடத்தில் நடனம். குட்டி கட்டாயம் போக வேண்டும் என்கிறாள். கிழவர், குழந்தை எல்லோரும் ஒரே வட்டத்தில் ஆடுவார்களாம், வந்தவர்களைச் சுவரோரம் நிற்க விட மாட்டார்களாம்

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): எங்கள் கல்யாண வரவேற்பில் ஒரு அடி எடுத்து வைக்காத மனிதர் இவர்

மாமா: அன்றைக்குச் செருப்பு கடித்தது

நான்: அத்தை, இந்த முறை வீடியோ கட்டாயம்

பெரியப்பா: ஆமாம், முழுசாக எடு, மாப்பிள்ளையைக் காலில் இருந்து எடு

மாமா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அத்தை (ஹாலிஃபாக்ஸ்): நான் படித்துவிட்டேன் 😄