ஈஸ்ட்எண்டர்ஸ் 40: இறந்தவர்களைத் திரும்பக் கூட்டிவருவது நியாயமா?

ஈஸ்ட்ஹாம்வாசி:

லண்டனில் நடப்பதாகச் சொல்லப்படும் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஈஸ்ட்எண்டர்ஸ். 2025 பிப்ரவரியில் வந்த அதன் நாற்பதாம் ஆண்டு நிறைவு வாரத்தை அம்மாவோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். குயின் விக் மதுக்கடை வெடித்துச் சிதறுகிறது. இடிபாடுகளுக்குள் சிக்கிக் கிடக்கும் ஷரனின் கண்முன்னே அவளுடைய தாய் ஆஞ்சி தோன்றுகிறாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளைப் புதைத்து எத்தனை வருஷம் ஆகிறது! மறுபடியும் எதற்கு எழுப்புகிறார்கள்?" என்றார்.

அம்மாவின் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எண்பதுகளின் கடைசியிலிருந்து இந்தத் தொடரைப் பார்க்கிறார். ஆங்கிலம் காதில் பிடிபடாத நாட்களில் டெலிடெக்ஸ்டில் 888 அழுத்தி, வசன வரிகளைப் படித்துப் படித்தே கதையைப் பிடித்தவர். டிஸ்ட்ரிக்ட் லைனில் பிராம்லி-பை-போ நிலையம் இருக்கும் இடத்தில்தான், தொடரின் வரைபடத்தில் கற்பனை ஊரான வால்ஃபோர்டின் நிலையம், வால்ஃபோர்ட் ஈஸ்ட், இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து சில நிறுத்தங்கள்தான். அதனாலோ என்னவோ, கதை நடக்கும் ஆல்பர்ட் சதுக்கத்து ஆட்களைப் பக்கத்துத் தெருக்காரர்களாகவே பேசுவார்.

செத்தவர்களை எழுப்புவது இந்தத் தொடருக்குப் புதிதல்ல. 1989இல் கால்வாய்க் கரையில், டாஃபடில் பூங்கொத்துக்குள் ஒளித்த துப்பாக்கியால் ஆஞ்சியின் முன்னாள் கணவன், ஷரனின் தந்தை டென் வாட்ஸைச் சுட்டார்கள். 2003இல் அவன் உயிரோடு வந்து மகள் முன்னால் நின்றான். இருபதாம் ஆண்டு நிறைவில், 2005இல், அவன் இரண்டாம் மனைவி கிறிஸ்ஸி நாய் உருவத்தில் இருந்த இரும்புக் கதவுத்தாங்கியால் அவன் தலையில் அடித்துக் கொன்றாள். விக் கடையின் நிலவறையிலேயே புதைத்தார்கள். கேத்தி 2006இல் தென்னாப்பிரிக்காவில் கார் விபத்தில் இறந்ததாகச் செய்தி வந்தது. 2015இல், முப்பதாம் ஆண்டு வாரத்தில், திரும்பிவிட்டாள். சிண்டி 1998இல் சிறையில் பிரசவத்தின்போது இறந்ததாகச் சொன்னார்கள், 2023இல் வந்துவிட்டாள்.

ஒரு சாவுக்கு அழுத ரசிகரின் கண்ணீருக்கு மரியாதை வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் சொல்லுங்கள்: திரும்பி வந்தவர்களில் யார் வந்தது சரி, யார் வந்திருக்கவே கூடாது?

லூயிஷம்_ரசிகன்:

கிராண்ட் மிட்செல், சந்தேகமே இல்லை. 1994இல் பில்லுக்கும் கேத்திக்கும் விக்கில் நிச்சயதார்த்த விருந்து நடந்துகொண்டிருக்க, எல்லோர் முன்னாலும் அந்த ஒலிநாடாவை ஓடவிட்டானே, அதை மறக்க முடியுமா? தன் மனைவி ஷரனும் தன் அண்ணன் பில்லும் செய்த துரோகம் அவள் குரலிலேயே ஒலிக்கிறது. அப்படிப்பட்ட தம்பி, நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, அண்ணன் மன அழுத்தத்தில் நொறுங்கிக் கிடந்தபோது வந்தான். கிராண்டாக ராஸ் கெம்ப் சில வாரங்கள்தான் நடித்தார், அதுவே போதும். பழைய கணக்கு எதையும் தூசு தட்டாமல் பக்கத்தில் இருந்தான் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது. தவிர, கிராண்டை ஒருபோதும் சாகடிக்கவில்லை. அம்மாவுக்கும் ஆட்சேபம் இருக்காது.

குரோய்டன்_அக்கா:

தங்கை, ஆஞ்சி விஷயத்தில் அம்மாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவளை யாரும் எழுப்பவில்லையே. சாவின் விளிம்பில் இருந்த மகளின் மனத்தில்தான் அவள் வந்தாள். டென் உயிரோடு திரும்பியதும் இதுவும் ஒன்றாகுமா?

ஆஞ்சி யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1986 கிறிஸ்துமஸ் அன்று டென் அவள் கையில் விவாகரத்துக் காகிதங்களைக் கொடுத்ததை இந்த நாட்டில் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். தனக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்று அவள் சொன்ன பொய் அவனுக்குத் தெரிந்துவிட்டது. குடியால் அழிந்த பெண். கடைசியில் குடியே அவளைக் கொண்டுபோயிற்று, அதுவும் மகள் இல்லாத அமெரிக்காவில். ஷரனுக்குத் தாயோடு பேசி முடிக்காத பேச்சு எவ்வளவு இருந்திருக்கும்! ஆஞ்சியாக நடித்த அனிடா டாப்சனை அதற்காக அழைத்துவந்தார்கள். நான் கைகூப்பித்தான் பார்த்தேன்.

டூட்டிங்_வீடியோகாரர்:

எல்லோரும் கிராண்டையும் ஆஞ்சியையுமே பேசுகிறீர்கள். நைஜல் பேட்ஸை மறந்துவிட்டீர்களே!

தொண்ணூறுகளில் நான் டூட்டிங்கில் தமிழ்ப் படக் கேசட்டுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். வால்ஃபோர்டில் நைஜலும் வீடியோ கடையில் இருந்தான். சுருட்டை முடி, கண்ணைப் பறிக்கும் கழுத்துப்பட்டை, யாருக்கும் தீங்கு நினைக்காத மனம். மனைவி டெபி கார் மோதி இறந்த பிறகு, தனக்குப் பிறக்காத அவள் மகள் கிளேரை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. பெற்ற தகப்பனோடு போராடி வளர்த்தான். 1998இல் சதுக்கத்தை விட்டுப் போனான். 2024 டிசம்பரில் திரும்பியபோது வீடு வாசல் இல்லை, நினைவும் தப்பத் தொடங்கியிருந்தது. வயது மூப்புக்கு முன்பே வந்த டிமென்ஷியா.

என் அப்பாவுக்கும் அந்த நோய்தான். சாயங்காலம் ஆனால் சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறான், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்பார். சித்தப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் உண்மையைச் சொன்னோம். சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக அழுதார். பிறகு, "ரயில் தாமதமாம் அப்பா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

நைஜல் இன்றையும் அன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பேசும்போது அவனாக நடித்த பால் பிராட்லியின் முகத்தைப் பாருங்கள். சிரிப்பு உதட்டில் இருக்கும், கண் மட்டும் துணை தேடும். அப்பாவின் முகம் அதுவேதான். முரடன் என்று பேர் வாங்கிய பில் மிட்செல் அவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டான். நாற்பது ஆண்டு நினைவை வைத்தே ஓடும் தொடர் அது. அங்கே நினைவு தப்பிய ஒருவனைத் திருப்பி அனுப்பத் தோன்றியதே, அதை எழுதியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நைஜல்தான் என்று அவரும் சொல்லிவிட்டார். அக்கா, ஆஞ்சியைப் பற்றி நீங்கள் சொன்னதையும் ஏற்றுக்கொண்டார், அரை மனதோடு.

மார்ட்டின் ஃபவுலரைப் பற்றி யாரும் எழுதவில்லை. தொடர் தொடங்கிய 1985இல் பாலீனுக்குப் பிறந்த குழந்தை அவன், சதுக்கத்தின் முதல் குழந்தை. அதே நாற்பதாம் ஆண்டு வாரத்தில், நேரலையாக ஒளிபரப்பான அத்தியாயத்தில், உத்தரத்துக்கு அடியில் சிக்கி, முன்னாள் மனைவி ஸ்டேசியின் கண்ணெதிரே உயிரை விட்டான். அவனை மட்டும் எந்த ஆண்டு நிறைவுக்கும் கூட்டிவர வேண்டாம். வந்தால் அந்த இரவில் நாங்கள் அழுததற்குப் பொருள் இல்லாமல் போய்விடும்.

சிண்டியின் விஷயத்தில் நானும் அம்மாவும் இறங்கிவருவதாக இல்லை. சாட்சிப் பாதுகாப்பில் இருந்தாளாம், வேறு பெயரில் வாழ்ந்தாளாம். இருக்கட்டும். 2014இல் அவள் மகள் லூசி கொலையுண்டு கிடந்தாள். தகப்பன் இயான் ஒற்றை ஆளாக அதைத் தாங்கினான். அப்போது பெற்றவள் எங்கோ உயிரோடு இருந்தாள் என்று 2023இல் வந்து சொல்கிறார்கள். லூசியின் சாவை அம்மா இனி எப்படிப் பார்ப்பது? சிண்டி வந்தது சரி என்பவர் யாராவது இருந்தால் இதற்குப் பதில் எழுதுங்கள். அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டுகிறேன்.