ரசீது கேட்டால் சாபமா?

கேரளத்தில் பாறசாலைப் பக்கம் எங்கள் கிறிஸ்தவ சபை இரண்டுபட்டுக் கிடக்கிறது. பாஸ்டருக்கும் உதவிப் பாஸ்டருக்கும் கட்டட நிதியில் தகராறு. ரசீது கேட்ட அம்மாவைத் தாண்டிப் போனது ஆராதனையில் அப்பம் பகிரும் ராப்போஜனத் தட்டு. “அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே” என்று மைக்கிலேயே எச்சரிக்கை. தங்கை கல்யாணம் வேறு அங்கேதான். என்ன செய்ய?

பதில் 1: அது பைபிளில் சங்கீதம் 105:15. முந்தின வசனத்தைப் படியுங்க பிரதர், கர்த்தர் கடிந்துகொண்டது ராஜாக்களை! சபையைவிட்டுத் துரத்துகிற ஆள் 3 யோவான் நிருபத்தில் இருக்கிறார், தியோத்திரேப்பு.

பதில் 2: சபை சங்கமாகப் பதிவானதா பாருங்க. 1955 திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டம், 25ஆம் பிரிவு: மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் மனு கொடுத்தால் விசாரணைக்கு வழியுண்டு. டிரஸ்ட் என்றால் கதை வேறு.

பதில் 3: கல்யாணத்துக்கு 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கே. 30 நாள் நோட்டீஸ், பாஸ்டர் கையெழுத்தே வேண்டாம். சீக்கிரம் கொடுத்திருங்க.